அரக்கிடோனிக் அமிலத்தை வில்லனாக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உடல்நலம் பற்றி எழுதுகிறவர்களுக்கும், காணொளிகளில் பேசுகிறவர்களுக்கும், உணவு ஆலோசனை சொல்கிறவர்களுக்கும் வணக்கம்.

ஒரு கொழுப்பு அமிலத்தைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். அரக்கிடோனிக் அமிலம் என்ற பெயரை நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள், சொல்லும்போதெல்லாம் அழற்சி என்ற சொல்லும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒமேகா 3 நல்லது, ஒமேகா 6 கெட்டது, ஒமேகா 6 உடம்புக்குள் போய் அரக்கிடோனிக் அமிலமாக மாறும், அது அழற்சியைக் கிளப்பும், அழற்சியிலிருந்து மூட்டுவலி முதல் மாரடைப்பு வரை எல்லாம் வரும், ஆகவே குறையுங்கள், முடிந்தால் ஒழித்துவிடுங்கள். நாலே வரியில் முடிந்துபோகிற கதை. கேட்பவருக்கும் எளிதாகப் புரிகிறது, அதனால்தான் இவ்வளவு வேகமாகப் பரவியும் இருக்கிறது.

உயிர்வேதியியல் கற்பிப்பது என் வேலை. கொழுப்பு அமிலங்கள் பாடம் வரும்போது மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இது கெட்டதுதானே, அப்புறம் உடம்பு ஏன் இதை ஒவ்வொரு செல்லிலும் வைத்திருக்கிறது?" கேள்வியின் இரண்டாம் பாதி அருமையானது. முதல் பாதி உங்களிடமிருந்து வந்தது. அந்த முதல் பாதியை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 20 கார்பன் அணுக்கள், 4 இரட்டைப் பிணைப்புகள் கொண்ட நீண்ட சங்கிலி அது. அந்த நான்கு பிணைப்புகளால் சங்கிலி நேராக நிற்காமல் வளைந்து மடிந்து கிடக்கிறது, செல் சவ்வு இறுகிப் போகாமல் நெகிழ்வாக இருக்க அந்த வளைவு உதவுகிறது. சவ்வில் உள்ள பாஸ்ஃபோலிப்பிட் மூலக்கூறுகளின் நடு இடத்தில்தான் பெரும்பாலும் அது கட்டுண்டு இருக்கும். கட்டவிழ்ந்து தனியாகத் திரியும் அரக்கிடோனிக் அமிலம் ஒரு செல்லுக்குள் மிக மிகக் குறைவு, தப்பித்தவறி அவிழ்ந்தாலும் வேறு நொதிகள் உடனே பிடித்து மறுபடி சவ்வில் பொருத்திவிடும். காயம், கிருமி, ஹார்மோன் என்று ஏதோ ஒரு சமிக்ஞை வந்து செல்லுக்குள் கால்சியம் ஏறினால்தான் பாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 என்ற நொதி சவ்வுக்குப் போய் அதை வெட்டி எடுக்கும். அதாவது, வெட்டும் நொதிக்கு உத்தரவு வராதவரை அது சவ்வின் ஒரு பகுதி, அவ்வளவுதான். 'சாப்பிட்டால் அழற்சி' என்று நீங்கள் சொல்லும்போது இந்தக் காவலை அப்படியே தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

இது இல்லாமல் உயிரினங்கள் என்ன ஆகும் என்பதும் ரொம்ப காலமாகவே தெரிந்த விஷயம். 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி, எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை கொழுப்பு என்றால் வெறும் எரிபொருள், வேறு எதையாவது வைத்து ஈடுகட்டிவிடலாம் என்பதுதான் பொதுவான எண்ணம். மற்ற சத்துகள் இருந்தும் அந்த எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் அழுகியது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, வளர்ச்சி நின்றது, கடைசியில் இறந்தன. அடுத்த ஆண்டே லினோலெயிக் அமிலம் கொடுத்தால் அவை தேறுகின்றன என்று காட்டினார்கள். நீங்கள் கெட்டது என்கிற ஒமேகா 6 குடும்பத்தின் தாய் அமிலம் அதுதான், அதிலிருந்துதான் நம் உடம்பு அரக்கிடோனிக் அமிலத்தைச் செய்துகொள்கிறது. பூனைகளுக்கு அந்த மாற்றத்தைச் செய்யும் திறன் மிகக் குறைவு, அதனால் அவற்றுக்கு அரக்கிடோனிக் அமிலம் உணவிலேயே நேரடியாகக் கிடைத்தாக வேண்டும், கிடைக்காவிட்டால் குட்டி ஈனுவதில் சிக்கல் வருகிறது, ரத்தத் தட்டணுக்கள் ஒழுங்காக ஒட்டுவதில்லை.

சரி, வெட்டி எடுத்த பிறகு என்ன நடக்கிறது? இங்கேதான் உங்கள் கதை முழுவதுமாக உடைகிறது.

அதன் மேல் வேலை செய்ய மூன்று நொதிக் குடும்பங்கள் இருக்கின்றன. சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற குடும்பத்தைச் சுருக்கமாகக் காக்ஸ் என்பார்கள். அடுத்தது லிப்பாக்சிஜனேஸ். மூன்றாவது சைட்டோகுரோம் பி450 வகை நொதிகள். மூன்றாவதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அதிலிருந்து வரும் சில பொருள்கள் ரத்தக் குழாயைத் தளர்த்துகின்றன, ஒன்று இறுக்குகிறது, இரண்டும் இதே அமிலத்திலிருந்துதான் வருகின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காக்ஸ் நொதி செய்யும் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது அரக்கிடோனிக் அமிலத்தைப் பிஜிஹெச்2 என்ற இடைப்பொருளாக மாற்றுகிறது. இது வரைக்கும் எல்லாச் செல்களிலும் ஒரே கதைதான். அதற்கு அடுத்த படி அந்தச் செல்லிடம் எந்த நொதி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரத்தத் தட்டணுவில் திராம்பாக்ஸேன் செய்யும் நொதி இருக்கிறது. திராம்பாக்ஸேன் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும், குழாயைச் சுருக்கும், சுமார் அரை நிமிடத்தில் பாதி அழிந்தும் போகும். தட்டணு உரசிக்கொண்டு போகிறதே ரத்தக் குழாயின் உட்சுவர், அந்தச் செல்களிடம் இருப்பது வேறு நொதி, அது அதே பிஜிஹெச்2வைப் புரோஸ்டாசைக்ளினாக மாற்றும். புரோஸ்டாசைக்ளின் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும், குழாயை விரிக்கும். ஒரே அமிலம், ஒரே இடைப்பொருள், ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாத இரண்டு செல்கள், நேரெதிரான இரண்டு விளைவுகள். கை வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்பதற்கும், வெட்டுப்படாத இடத்தில் ரத்தம் உறையாமல் ஓடுவதற்கும் இந்த இரண்டின் சமநிலை ஒரு முக்கியக் காரணம். இதில் எதை வைத்து அந்த அமிலத்தைக் கெட்டது என்பீர்கள்?

ஆஸ்பிரின் கதை இங்கே அவசியம். அது 1899இலேயே சந்தைக்கு வந்துவிட்டது, எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் காட்டியது 1971இல். காக்ஸ் வழியில் வரும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்கள் உருவாவதை அது தடுக்கிறது என்பதே அவர் கண்டது. காக்ஸ் நொதியின் உட்பாதையில் இருக்கும் ஒரு செரின் அமினோ அமிலத்தில் ஆஸ்பிரின் ஒரு அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிடுகிறது, அப்புறம் அரக்கிடோனிக் அமிலம் உள்ளே நுழைய வழியில்லை, அந்த ஒட்டல் திரும்பக் கழலுவதும் இல்லை. தட்டணுவுக்குக் கரு கிடையாது, அதனால் கெட்டுப்போன நொதிக்குப் பதிலாகப் புதியது செய்ய முடியாது, தன் ஏழு முதல் பத்து நாள் வாழ்க்கை முழுக்க அப்படியேதான் இருக்க வேண்டும். ரத்தக் குழாய்ச் செல்லுக்குக் கரு உண்டு, சில மணி நேரத்தில் புது நொதியைச் செய்துகொள்ளும். மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினமும் 75 அல்லது 100 மில்லிகிராம் போல மிகச் சிறிய அளவு போதுமாக இருப்பதற்கு இந்த வேறுபாடுதான் காரணம். சுனே பெர்க்ஸ்ட்ரோம், பெங்ட் சாமுவெல்சன், ஜான் வேன் மூவருக்கும் 1982இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது இந்த ஒரு அமிலத்தின் வழித்தோன்றல்களைப் புரிந்துகொண்டதற்காகத்தான்.

நல்லது, கெட்டது என்று பிரிக்கும் தவறை நீங்கள் மட்டும் செய்யவில்லை, மருத்துவ உலகமே ஒரு முறை செய்தது. காக்ஸ் நொதியில் இரண்டு வகை உண்டு என்று 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தது. காக்ஸ்-1 எப்போதும் இருந்து வயிற்றுச் சுவரைக் காப்பது, ஆகவே நல்லது. காக்ஸ்-2 அழற்சியின்போது கூடுவது, ஆகவே கெட்டது. கெட்டதை மட்டும் தடுக்கும் மருந்து செய்தால் வயிற்றுப்புண் இல்லாத வலிநிவாரணி கிடைத்துவிடும் என்பது கணக்கு. அப்படி வந்த ரோஃபிகாக்சிப், 1999இல் அங்கீகாரம் பெற்று மிகப் பெரிய அளவில் விற்றது, வயிறும் ஓரளவு தப்பித்தது. ஆனால் ரத்தக் குழாயில் புரோஸ்டாசைக்ளின் செய்வதில் காக்ஸ்-2வுக்குப் பெரிய பங்கு உண்டு, தட்டணுவில் திராம்பாக்ஸேன் செய்வது காக்ஸ்-1. ஆக மருந்து காப்பதை அடக்கிவிட்டு ஒட்டவைப்பதைத் தொடாமல் விட்டுவிட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது சோதனைகளில் தெரிந்து 2004 செப்டம்பரில் அந்த மருந்து உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. பல ஆண்டு ஆய்வு கையில் இருந்தவர்களே 'கெட்ட நொதி' என்ற இரண்டு சொற்களை நம்பி இந்த இடத்துக்கு வந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது, அதனால்தான் 'கெட்ட அமிலம்' என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும்போது என்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

இன்னும் ஒரு உதாரணம் சொல்கிறேன். இது உங்கள் வாசகர்களில் இளம் பெற்றோர்களுக்கு நன்றாகப் புரியும். கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் சுவாசிப்பதில்லை, அதனால் ரத்தம் நுரையீரலைத் தவிர்த்துப் போக ஒரு குறுக்கு நாளம் திறந்தே இருக்கும். அதைத் திறந்து வைத்திருப்பதில் முக்கியப் பங்கு அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2வுக்கு. பிறந்த பிறகு அது குறையும், நாளம் மூடிக்கொள்ளும். குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளுக்கு மூடாது, அப்போது மருத்துவர்கள் ஐபுபுரூஃபன் போன்ற காக்ஸ் தடுப்பானைக் கொடுத்து மூட முயல்வார்கள். வேறு சில குழந்தைகள் பிறவியிலேயே இதயக் கோளாறோடு வருவார்கள், அந்த நாளம் மூடினால் அவர்களுக்கு ரத்த ஓட்டமே சரியாக இருக்காது. அவர்களுக்குப் புரோஸ்டாகிளாண்டின் ஈ1ஐச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றி, அறுவை சிகிச்சை வரைக்கும் அந்த வழியைத் திறந்து வைப்பார்கள். ஒரே வகை மூலக்கூறு, ஒரு குழந்தைக்கு அடக்க வேண்டியது, அடுத்த குழந்தைக்கு உயிர். வயிற்றின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலம், காய்ச்சல், பிரசவத்தில் கருப்பை சுருங்குவது, சிறுநீரக ரத்த ஓட்டம் என்று எங்கே பார்த்தாலும் இதே குடும்பம் நிற்கிறது. மூளையில் டிஎச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பு அமிலத்துக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கும் பல இரட்டைப் பிணைப்புக் கொழுப்பு அமிலமும் இதுதான்.

அழற்சியையே எடுத்துக்கொள்வோம், அதுதானே உங்கள் முக்கியக் குற்றச்சாட்டு. உண்மைதான், புரோஸ்டாகிளாண்டின் ஈ2 வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் கூட்டுகிறது, லிப்பாக்சிஜனேஸ் வழியில் இதே அமிலத்திலிருந்து வரும் லூக்கோட்ரையீன் பி4 என்ற பொருள் வெள்ளணுக்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வருகிறது. இதோடு நிறுத்திவிட்டால் உங்கள் கதை சரி. ஆனால் அழற்சி அதோடு நிற்பதில்லை. சிறிது நேரம் கழித்து அதே புரோஸ்டாகிளாண்டின் ஈ2வும் டி2வும் அந்த வெள்ளணுக்களில் 15-லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதியை உண்டாக்கும் உத்தரவைக் கொடுக்கின்றன, அப்புறம் அரக்கிடோனிக் அமிலம் லூக்கோட்ரையீன் பக்கம் போவது குறைந்து லிப்பாக்சின்களாக மாறத் தொடங்குகிறது. லிப்பாக்சின்களை 1984இல் சார்லஸ் செர்ஹான், சாமுவெல்சன் குழு கண்டறிந்தது. அவை புதிய வெள்ளணுக்கள் வருவதை நிறுத்தும், இறந்த செல்களை விழுங்கி அப்புறப்படுத்தும் மேக்ரோஃபேஜ்களைத் தூண்டும். அதாவது அழற்சியைத் தொடங்கும் பொருள்களே அதை முடித்துவைக்கும் ஏற்பாட்டையும் செய்கின்றன, இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்று. ஆஸ்பிரின் ஒட்டிய காக்ஸ்-2 நொதிகூட முழுசாகச் செத்துப்போவதில்லை, வேறு ஒரு வடிவப் பொருளைச் செய்கிறது, அதை எடுத்து வெள்ளணுக்கள் ஒரு வகை லிப்பாக்சினாக்குகின்றன. அழற்சியை முடிக்கும் பொருள்கள் ஒமேகா 3இலிருந்து மட்டும்தான் வரும் என்று நீங்கள் சொல்வது பாதி உண்மை. ரிசால்வின்கள் அங்கிருந்து வருகின்றன, லிப்பாக்சின்கள் இங்கிருந்து வருகின்றன.

இதனால் கெடுதலே கிடையாது என்று சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகளைச் சாப்பிட்டால் மூச்சுத்திணறல் வரும் ஆஸ்துமாக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் லூக்கோட்ரையீன்கள் ஏற்கெனவே அதிகம், அவற்றை ஓரளவு அடக்கிவைத்திருந்த புரோஸ்டாகிளாண்டின் ஈ2வும் காக்ஸ் அடைபட்டதும் குறைந்துவிட, லூக்கோட்ரையீன்கள் கட்டுக்கடங்காமல் பெருகி மூச்சுக்குழாயை இறுக்கிவிடுகின்றன. லூக்கோட்ரையீன் ஏற்பிகளை அடைக்கும் மாண்டெலுகாஸ்ட் போன்ற மருந்துகளும், லூக்கோட்ரையீன் உருவாவதைத் தடுக்கும் சைலியூடான் போன்ற மருந்துகளும் இருப்பது இந்தக் கூட்டத்தை அடக்கத்தான். குடல் புற்றுநோய்க் கட்டிகளில் காக்ஸ்-2 கூடியிருக்கும், அதிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 கட்டி வளர உதவுகிறது. லிஞ்ச் நோய்த்தொகுதி என்ற பரம்பரைப் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் நீண்ட நாள் கொடுத்ததில் குடல் புற்றுநோய் குறைந்தது. இந்த அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும், சவ்வில் அப்படி நடந்து கட்டுக்கு அடங்காமல் போனால் செல் ஃபெரோப்டோசிஸ் என்ற வகையில் இறக்கும், இரும்பு அதற்குத் துணை. இந்த நோய்களிலெல்லாம் நொதியோ, ஏற்பியோ, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் காவலோ தவறிப்போகிறது. அதற்கான மருந்துகளும் அங்கேதான் போய் வேலை செய்கின்றன, அமிலத்தையே உடம்பிலிருந்து துடைத்தெடுக்க எந்த மருந்தும் முயல்வதில்லை.

அப்புறம் உணவு. உங்கள் கதையின் நடுவில் ஒரு சங்கிலி இருக்கிறது: லினோலெயிக் அமிலம் அதிகம் சாப்பிட்டால் அரக்கிடோனிக் அமிலம் கூடும், அது கூடினால் அழற்சி கூடும். கேட்க ரொம்பப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, வேதிவினைப் படத்தில் ஒரு அம்புக்குறி இன்னொரு அம்புக்குறிக்குப் போவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உடம்பு அந்தப் படத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. 2011இல் ரெட், வீலன் என்ற இரு ஆய்வாளர்கள் வயதுவந்தவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உணவில் லினோலெயிக் அமிலத்தை 90 சதவீதம் வரை குறைத்தபோதும், ஆறு மடங்கு வரை கூட்டியபோதும், ரத்தத்தில் அரக்கிடோனிக் அமிலத்தின் அளவு குறிப்பிடும்படி மாறவில்லை. மாற்றும் நொதிகள் மெதுவாகத்தான் ஓடும், அவற்றின் வேகத்தை உடம்பு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. 2012இல் ஜான்சன், ஃபிரிட்ஷே செய்த தொகுப்பில், ஆரோக்கியமானவர்களிடம் லினோலெயிக் அமிலத்தைக் கூட்டியதால் அழற்சியின் அடையாளங்கள் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2019இல் 13 நாடுகளைச் சேர்ந்த 30 நீண்டகால ஆய்வுகளை, மொத்தம் 68,659 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ரத்தத்திலோ திசுவிலோ லினோலெயிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்கு இதய நோய் குறைவாகவே இருந்தது, அரக்கிடோனிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்கு அது கூடவில்லை.

அரக்கிடோனிக் அமிலத்தையே நேரடியாக விழுங்கினால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள், அளவுதான் பதிலைத் தீர்மானித்தது. 1975இல் நான்கு ஆரோக்கியமான ஆண்களுக்கு நாளொன்றுக்கு 6 கிராம் கொடுத்தபோது தட்டணுக்கள் மிக எளிதாக ஒட்டத் தொடங்கின, சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. 1997இல் சுமார் ஒன்றரை கிராம் வீதம் 50 நாள் கொடுத்தபோது தட்டணு ஒட்டுவதில் மாற்றம் தெரியவில்லை. முட்டை, இறைச்சி, மீன் எல்லாம் சேர்த்தே ஒருவர் சாதாரணமாக ஒரு நாளில் உண்பது சில நூறு மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. முதல் சோதனையை மட்டும் காட்டிப் பயமுறுத்துவதும் தவறு, இரண்டாவதை மட்டும் காட்டி எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதும் தவறு.

நீங்கள் எதிர்வாதமாக எடுத்துக்காட்டும் பழைய சோதனைகளும் எனக்குத் தெரியும். சிட்னியில் 1966 முதல் 1973 வரை நடந்ததும், மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை நடந்ததும் பின்னாளில் தோண்டியெடுக்கப்பட்டு 2013இலும் 2016இலும் மறுபடி அலசப்பட்டன. லினோலெயிக் அமிலம் நிறைந்த எண்ணெய்க்கு மாற்றப்பட்டவர்களிடம் கொலஸ்ட்ரால் குறைந்தது, ஆனால் மரணம் குறையவில்லை, சிட்னியில் கூடியது. இவற்றை ஒதுக்கித் தள்ளக்கூடாது. எண்ணெயை ஊற்ற ஊற்ற நன்மை என்று பேசுகிறவர்களுக்கு அவை நியாயமான கடிவாளம். ஆனால் அவை அரக்கிடோனிக் அமிலம் அழற்சியைக் கிளப்பியதைக் காட்டவில்லை, அந்தக் காலத்து மார்ஜரினில் டிரான்ஸ் கொழுப்பு கலந்திருந்ததா என்ற கேள்வியும் அவற்றோடு சேர்ந்தே நிற்கிறது. அந்த முடிவுகளைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். ஒமேகா 3 நல்லது, ஒமேகா 6 கெட்டது என்பதை வயதுவந்தவர்களுக்குச் சொன்னால் பெரிய சேதம் இல்லாமல் போகலாம், குழந்தைகளுக்குச் சொன்னால் அப்படி விட முடியாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாக டிஎச்ஏவும் அரக்கிடோனிக் அமிலமும் சேர்ந்தே குழந்தைக்குப் போகின்றன. தாய்ப்பாலில் இரண்டும் இருக்கின்றன, சராசரியாக அரக்கிடோனிக் அமிலம் டிஎச்ஏவை விடக் கொஞ்சம் கூடுதலாகவே. மிகக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்தக் கடைசி மாதங்களின் வரத்து அறுந்துபோகிறது, பிறந்தபின் ரத்தத்தில் அரக்கிடோனிக் அமிலம் வேகமாகச் சரிகிறது.

2017இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் 29 வாரத்துக்கு முன் பிறந்த 1273 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு டிஎச்ஏ மட்டும் கொடுத்தார்கள். நுரையீரல் பாதிப்பு குறையும் என்று எதிர்பார்த்தார்கள், கிடைத்தது நேரெதிர்: டிஎச்ஏ குழுவில் 49.1 சதவீதம், மற்றதில் 43.9 சதவீதம். அதே குழந்தைகள் ஐந்து வயதானபோது டிஎச்ஏ பெற்றவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சுமார் மூன்றரைப் புள்ளி கூடுதலாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021இல் சுவீடனிலிருந்து வந்த சோதனையில் 28 வாரத்துக்கு முன் பிறந்த 206 குழந்தைகளில் ஒரு குழுவுக்கு அரக்கிடோனிக் அமிலத்தையும் டிஎச்ஏவையும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். பார்வையைப் பறிக்கக்கூடிய கடுமையான விழித்திரை நோய் அந்தக் குழுவில் 15.8 சதவீதம், கொடுக்காத குழுவில் 33.3 சதவீதம். இரண்டும் வெவ்வேறு சோதனைகள், வெவ்வேறு உறுப்புகள், ஒன்றின் எண்ணை மற்றதன் பக்கத்தில் வைத்து முடிவுகட்டக் கூடாது. ஆனாலும் 'ஒமேகா 3 கொடுத்தால் போதும், மற்றது எதற்கு' என்று சொல்ல இவற்றைப் படித்த யாருக்கும் வாய் வராது.

விதிகளை வகுக்கும் இடங்களிலேயே இதில் பிளவு இருக்கிறது. பன்னாட்டு உணவுத் தரவிதியான கோடெக்ஸ், குழந்தைகளுக்கான பால்மாவில் டிஎச்ஏ சேர்த்தால் அரக்கிடோனிக் அமிலமும் குறைந்தது அதே அளவு இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதி டிஎச்ஏவைக் கட்டாயமாக்கியது, அரக்கிடோனிக் அமிலத்தை விருப்பத்துக்கு விட்டது. ஐரோப்பியக் குழந்தைநல மருத்துவ நிபுணர்களே 2020இல் இதைக் கேள்விக்குள்ளாக்கி, இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும், அரக்கிடோனிக் அமிலம் குறைந்தது டிஎச்ஏ அளவாவது இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நீங்கள் பேசுவதைக் கேட்டு ஒரு தாயோ தந்தையோ டப்பாவின் பின்பக்கத்தில் 'அரக்கிடோனிக் அமிலம்' என்று பார்த்துவிட்டு, ஐயோ அழற்சி அமிலம் என்று அதை ஒதுக்கிவைத்தால் அதற்கு யார் பொறுப்பு?

என் வேண்டுகோள்கள் பெரியவை இல்லை. ஒமேகா 6க்கும் ஒமேகா 3க்கும் இடையிலான விகிதத்தைச் சொல்லும்போது விகிதத்தோடு நிறுத்தாமல் இரண்டின் அளவையும் சொல்லுங்கள். ஒமேகா 3 குறைவாக இருப்பதும் ஒமேகா 6 அதிகமாக இருப்பதும் ஒரே விகிதத்தைத் தரலாம், தீர்வு ஒன்றல்ல. மீன், ஆளிவிதை போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, ஒமேகா 3 அமிலங்களான ஈபிஏவும் டிஎச்ஏவும் தேவையானவை, ஈபிஏ அதே காக்ஸ் நொதியிடம் போட்டியிட்டு அழற்சியின் வீரியத்தைக் குறைக்கவும் செய்கிறது. அதைச் சொல்ல அரக்கிடோனிக் அமிலத்தை நஞ்சாக்கத் தேவையில்லை. இயற்கையாகவே அழற்சியைத் தடுக்கும் என்று எதையாவது பரிந்துரைக்கும்போது, கர்ப்பிணிகளும், வயிற்றுப்புண் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். காக்ஸ் வழியை அடைக்கும் எதுவும் அவர்களுக்கு விளையாட்டில்லை.

குறைமாதக் குழந்தையின் பெற்றோர் உங்களிடம் டிஎச்ஏ சொட்டு மருந்து வாங்கலாமா என்று கேட்டால் எந்தப் பெயரையும் சொல்லாதீர்கள், அந்தக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெளியிட்ட காணொளியிலோ கட்டுரையிலோ 'அழற்சி அமிலம்' என்ற பெயர் இருந்தால் அதை எடுத்துவிட்டு, எந்தச் செல், எந்த நொதி என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். எழுதியதைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் அனுப்புங்கள், எத்தனை பேர் அனுப்பினாலும் படித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்